சுண்ணாம்புச் சுவரின் வெளிச்சம்

ஆசென்டெல்ஃப்ட் ஹாலந்தில் ஒரு சிற்றூர். அவ்வூர்த் தேவாலயத்தின் உட்புறத்தை 1634 ஜூலை 31ஆம் தேதி பீட்டர் சான்ரெடாம் என்ற ஓவியர் நேரில் இருந்து தாளில் வரைந்துகொண்டார். 1643 டிசம்பரில் அந்தத் தாளை எடுத்து, அளவுகோலும் காம்பஸும் வைத்து, துல்லியமான வரைபடம் ஒன்றைத் தயாரித்தார். அதை எண்ணெய் வண்ண ஓவியமாக முடித்தது 1649 அக்டோபர் 2ஆம் தேதி. முதல் கோட்டுக்கும் கடைசிப் பூச்சுக்கும் நடுவே பதினைந்து ஆண்டுகள். தான் வரைந்தவற்றில் நாளும் இடமும் குறித்துவைப்பது அவர் வழக்கம். அதனால்தான் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது. ஓவியம் இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது.

உயர்ந்த வெள்ளைச் சுவர்கள், அகன்ற கல் தரை, பிரசங்கம் கேட்கும் ஒரு சிறு கூட்டம், தரையில் ஓவியருடைய தந்தையின் கல்லறைக் கல். படத்தில் இவ்வளவுதான். ஆனால் அந்தச் சுவர்களில் படிந்திருக்கும் பகல் வெளிச்சம் அன்று காலையில் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. பதினைந்து ஆண்டுக்கு முந்தைய ஒரு நாளின் வெளிச்சத்தை அவர் எங்கிருந்து எடுத்தார்? தூணின் உயரத்தை அளந்து குறித்துவைக்கலாம். வெளிச்சத்தை அப்படிக் குறித்துவைக்க வழியில்லை. நேரில் வரைந்த தாள்களில் மெல்லிய நீர்வண்ணச் சாயல் உண்டு. அது நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்று ஞாபகப்படுத்துமே தவிர, ஒரு சுவர் இன்னொன்றைவிட எத்தனை பங்கு வெளிச்சமாக இருந்தது என்று சொல்லாது. அதை ஓவியர் கணக்குப் போட்டும் கண்ணால் எடைபோட்டும் புதிதாக உருவாக்க வேண்டும். கட்டடத்தின் உட்புறத்தை வரைவதில் கோடு, வெளிச்சம் என்று இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவதை வடிவகணிதம் முழுதாகத் தீர்த்துவிடும். இரண்டாவதற்கு நம் கண் வேலை செய்யும் விதமும் வண்ணத்தின் வேதியியலும் தெரிந்தாக வேண்டும். சான்ரெடாம் இரண்டிலும் தேர்ந்தவர். அவருடைய படங்களின் அமைதியைப் பலரும் பக்தியோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அந்த அமைதி பெரும்பாலும் கணக்கிலிருந்து வந்தது என்பதே என் எண்ணம். அப்படிச் சொல்வதால் அதன் அழகு குறைந்துவிடாது.

கோட்டிலிருந்து தொடங்குவோம். தூரத்தைத் தட்டையான பரப்பில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் முறையை ஃப்ளோரன்ஸ் நகரத்துச் சிற்பி ப்ரூனலெஸ்கி பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணாடி வைத்துச் செய்துகாட்டினார். அறிஞர் அல்பெர்ட்டி 1435இல் அதை எழுத்தில் வகுத்தார். அடிப்படை ஒற்றை விதி. ஒரு பொருளின் தூரம் இரு மடங்கானால் படத்தில் அதன் உயரம் பாதியாகும்; மூன்று மடங்கானால் மூன்றில் ஒன்று. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 5 மீட்டரில் முதல் தூண், பிறகு 10, 15, 20 மீட்டரில் அடுத்தடுத்த தூண்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் தூண் தாளில் 60 செ.மீ உயரம் என்றால் மற்றவை 30, 20, 15 செ.மீ. முதல் இரண்டுக்கும் இடையே 30 செ.மீ குறைந்தது, அடுத்து 10, அதற்கடுத்து வெறும் 5. புதிதாக வரைபவர்கள் தூண்களை ஒரே விகிதத்தில் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். அப்போது மண்டபம் ஏதோ ஒரு குகைக்குள் உறிஞ்சப்படுவதுபோல் தெரியும். இயற்கையில் குறைவு முதலில் வேகமாக நடந்து பிறகு நிதானமாகிவிடுகிறது. தூரத்துத் தூண்கள் நெருங்கி நின்றாலும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே உயரமாகத் தெரிவது இதனால்தான்.

நம் பார்வைத் திசைக்கு இணையாக உள்ளே ஓடும் கோடுகள் எல்லாம், தரையின் கல்வரிசையும் சுவரின் அடியும் உத்தரமும், படத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். மறைபுள்ளி என்பது அது. அது ஓவியரின் கண் உயரத்திலேயே இருக்கும். சான்ரெடாம் தன் வரைபடங்களில் இந்தப் புள்ளியைக் கண் என்றே குறிப்பிட்டார். ஆனால் மறைபுள்ளி பாதி வேலையைத்தான் செய்கிறது. கோடுகள் எங்கே போய்ச் சேரும் என்று அது சொல்லும்; அடுத்த கல் எங்கே தொடங்கும் என்று சொல்லாது. அதற்கு இன்னொரு புள்ளி வேண்டும். தரையில் சதுரக் கற்கள் பதித்திருந்தால் அவற்றின் மூலைவிட்டங்கள் 45 பாகையில் ஓடும். அந்த மூலைவிட்டங்களும் கண்மட்டக் கோட்டில் ஓரிடத்தில் கூடுகின்றன. அதற்குத் தூரப் புள்ளி என்று பெயர். மறைபுள்ளிக்கும் தூரப் புள்ளிக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ, பார்ப்பவரின் கண் படத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு படத்தைப் பார்த்து, அதை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று கணக்கிட்டுவிடலாம். பெர்ஸ்பெக்டிவ் முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்: படத்துக்குள் இருக்கும் மண்டபத்தோடு, படத்துக்கு வெளியே நிற்கும் மனிதரின் இடமும் படத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வில்வளைவுகள் இன்னும் கடினம். பக்கவாட்டுச் சுவரிலுள்ள அரைவட்ட வளைவு படத்தில் நீள்வட்டத்தின் ஒரு துண்டாக மாறும். கைப்போக்கில் வரைந்தால் அது நசுங்கிய தோற்றம் தரும். வளைவைச் சுற்றி ஒரு சதுரம் இருப்பதாகக் கொண்டு, சதுரத்தை முதலில் பெர்ஸ்பெக்டிவ் முறையில் வரைந்து, வளைவு அந்தச் சதுரத்தை எங்கெங்கே தொடுகிறது, மூலைவிட்டங்களை எங்கே வெட்டுகிறது என்று புள்ளி வைத்துப் பிறகு இணைப்பதே சரியான வழி. குறுக்கு வளைவுகள் கொண்ட கூரைக்கு இந்த வேலை பல மடங்கு.

இவ்வளவையும் செய்ய அளவுகள் வேண்டும். 1636இல் சான்ரெடாம் உட்ரெக்ட் நகரில் ஏறத்தாழ இருபது வாரம் தங்கி அங்குள்ள தேவாலயங்களை அளந்து வரைந்தார். வீடு திரும்பிய பிறகு, சில சமயம் ஆண்டுகள் கழித்து, ஓவியத்தின் அதே அளவில் ஒரு தாளில் கட்டுமான வரைபடம் தயாராகும். அந்தத் தாளின் பின்பக்கத்தில் கரி தடவி, ஓவியம் தீட்டப்போகும் பலகைமேல் வைத்து, கூரிய முனையால் கோடுகளை அழுத்துவார். கோடுகள் பலகையில் பதியும். வேறு ஓவியர்களுக்கு வேறு வழி. அதே நூற்றாண்டில் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த வெர்மியரின் பல ஓவியங்களில் மறைபுள்ளி இருக்கும் இடத்தில் ஊசிக் குத்தின் அடையாளம் இருக்கிறது. தச்சர் மரத்தில் நூல் அடிப்பதைப் போல, அந்த ஊசியில் சுண்ணம் தடவிய நூலைக் கட்டி இழுத்துச் சுண்டினால் நேர்கோடு கிடைத்துவிடும்.

வடிவகணிதம் சரியாக இருந்தும் படம் தவறாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. படத்தின் ஓரங்கள்தான் அது. பார்ப்பவருக்கு எதிரே குறுக்காக ஒரே வரிசையில் நிற்கும் உருண்டைத் தூண்களைத் தட்டையான பலகையில் விதிப்படி வரைந்தால், ஓரத்துத் தூண்கள் நடுத் தூணைவிடத் தடிமனாக வரும். பார்வையின் மையத்திலிருந்து 30 பாகை விலகிய தூண் சுமார் 15 விழுக்காடு அதிகத் தடிமன். 45 பாகையில் 41 விழுக்காடு. தூரத்தில் இருப்பது எப்படிப் பெரிதாகும் என்று மனம் மறுக்கிறது. கண்ணை விதித்த இடத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தடிமன் சரிந்த கோணத்தால் சுருங்கிச் சரியாகிவிடும். ஆனால் யார் அந்த இடத்தில் நிற்கிறார்கள்? அதனால் பார்வைக் கோணம் 60 பாகையைத் தாண்ட வேண்டாம் என்பது ஓவியர்களின் நெடுநாள் எச்சரிக்கை. 80 செ.மீ அகலமுள்ள படத்துக்கு இது சுமார் 70 செ.மீ தூரம். கைபேசியில் அகலக் கோணத்தில் எடுத்த படத்தின் ஓரத்தில் நிற்பவரின் முகம் அகன்றிருப்பதும் இதே வடிவகணிதத்தால்தான். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

சான்ரெடாம் இந்த இடத்தில் அளவுக்கு அடிமையாக இருக்கவில்லை. நேரில் வரைந்த தாளையும் முடிந்த ஓவியத்தையும் கட்டடத்தையும் ஒப்பிட்டால், தூண்களைக் கொஞ்சம் மெலிதாக்கியும் வளைவுகளைக் கொஞ்சம் உயர்த்தியும் பல ஓவியங்களில் மாற்றியிருப்பது தெரிகிறது. இத்தனை அளந்தவர் அளவை மாற்றலாமா என்று கேட்கலாம். அளந்தவருக்குத்தான் எதை எவ்வளவு மாற்றுகிறோம் என்று தெரியும். அளக்காமல் வரைபவர் எல்லாவற்றையும் தெரியாமலே மாற்றிவிடுகிறார்.

இனி வெளிச்சம். முதலில் அந்தச் சுவர்கள் ஏன் வெள்ளை என்று பார்ப்போம். 1566இல் நெதர்லாந்து நாடுகளில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தேவாலயச் சிலைகளையும் படங்களையும் உடைத்தெறிந்தார்கள். ஹார்லெம் நகரின் பெரிய தேவாலயமான புனித பாவோ 1578இல் அவர்கள் கைக்கு வந்தது. அலங்காரங்கள் அகன்று, சுவர்களில் சுண்ணாம்பு ஏறியது. ஓவியங்களை வெளியேற்றிய கட்டடம் அடுத்த தலைமுறையில் தானே ஓவியத்தின் பொருளாயிற்று.

வெள்ளைச் சுவர் வெளிச்சத்தோடு என்ன செய்கிறது என்பது இயற்பியலில் அழகான ஒரு கணக்கு. சுண்ணாம்புச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். ஜன்னல் வழியே வந்த 100 பங்கு ஒளி முதல் சுவரில் பட்டு 80 பங்காகத் திரும்பும், எதிர்ச்சுவரில் பட்டு 64, பிறகு 51. முற்றும் வெள்ளையான, மூடிய ஓர் அறையில் இதைக் கூட்டிக்கொண்டே போனால் சுவர்கள் பெறும் மொத்த ஒளி 500 பங்கு வரும். சுவர் 30 விழுக்காடு மட்டும் திருப்பும் கருங்கல்லாக இருந்தால் மொத்தம் 143ஐத் தாண்டாது. உண்மையான தேவாலயத்தில் ஜன்னல் வழியே வெளியேறும் ஒளியும் இருட்டான தரையும் இந்த எண்ணைக் குறைக்கும். ஆனாலும் அந்த வெள்ளை மண்டபத்தில் நாம் காணும் வெளிச்சத்தில் பெரும்பங்கு ஜன்னலிலிருந்து நேராக வராமல், சுவர்கள் தமக்குள் பரிமாறிக்கொண்டதாகவே இருக்கும். அதனால் அங்கே கரிய நிழல் கிடையாது. நிழலுக்குள்ளும் எதிர்ச்சுவரின் ஒளி வந்துகொண்டிருக்கிறது. அது பட்டு வந்த இடத்தின் நிறத்தையும் சுமந்து வருகிறது: மர இருக்கைகளுக்கு அருகே இளம்பழுப்பு, வானம் தெரியும் ஜன்னலின் எதிரே கொஞ்சம் நீலம், தரைக்கு அருகே மண் நிறம். சான்ரெடாமின் வெள்ளைச் சுவரை உற்றுப் பாருங்கள். கலப்பில்லாத வெள்ளை மிகச் சில இடங்களில்தான் இருக்கும். மற்றதெல்லாம் மஞ்சளும் இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த வெளுப்பு.

நிழலின் விளிம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. சூரியன் புள்ளியாக இல்லாமல், அரைப் பாகை அகலமுள்ள வட்டமாகத் தெரிகிறது. அதனால் ஜன்னல் சட்டத்தின் நிழல் விளிம்பு, தூரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அகலத்துக்கு மங்கியிருக்கும். 10 மீட்டர் தள்ளி விழும் வெயில் கட்டத்தின் விளிம்பு சுமார் 9 செ.மீ அகலத்துக்குக் கரைகிறது. மேகமூட்டமான நாளில் வானம் முழுவதும் விளக்காகிவிடுவதால் விளிம்பே இல்லை. ஓவியத்தில் எல்லா நிழலுக்கும் ஒரே கூர்மையான விளிம்பு போட்டால் மண்டபம் அட்டைப்பெட்டியாகச் சுருங்கிவிடும். அருகிலுள்ள பொருளின் நிழலுக்குக் கூர்மை, உயரத்திலிருந்து விழுவதற்கு மென்மை என்று பிரித்துப் போட்டாலே இடத்தின் உயரம் தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னது கண்ணெதிரே இருக்கும் வெளிச்சம். அதைப் பலகைக்குக் கொண்டுவரும்போது ஒரு தடை குறுக்கே நிற்கிறது. ஜன்னலில் தெரியும் வானத்துக்கும் மண்டபத்தின் இருண்ட மூலைக்கும் ஒளியளவில் ஆயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடும். ஓவியரிடம் இருப்பதோ, ஒளியில் சுமார் 90 விழுக்காட்டைத் திருப்பும் வெள்ளையும், 3 அல்லது 4 விழுக்காட்டைத் திருப்பும் கறுப்பும். இரண்டுக்கும் வேறுபாடு முப்பது மடங்குக்குள். ஆயிரத்தை முப்பதுக்குள் அடக்க வேண்டும்.

இது முடிகிறது என்றால் அதற்குக் காரணம் நம் கண். விழித்திரை ஒளியின் மொத்த அளவை அளப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டு விகிதத்தையே மூளைக்கு அனுப்புகிறது. ஒளியும் நிழலும் சந்திக்கும் எல்லையில், வெளிச்சப் பக்கத்தில் இன்னும் வெளிச்சமான ஒரு பட்டையும் இருட்டுப் பக்கத்தில் இன்னும் இருண்ட ஒரு பட்டையும் நமக்குத் தெரிவதை இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865இல் விளக்கினார். விழித்திரையின் நரம்பு அணுக்கள் அண்டை அணுக்களை அடக்குவதால் இது நேர்கிறது. கண் எல்லையைப் பார்த்து, அந்த எல்லைக்கு இருபுறமும் உள்ள பரப்பின் வெளிச்சத்தை ஊகிக்கிறது. ஓவியருக்கு இது பெரிய கொடை. சுவர் முழுவதையும் பிரகாசமாக்க வண்ணம் இல்லாவிட்டால், தூணின் விளிம்பை ஒட்டிய பின்சுவரை மட்டும் ஒரு சாயல் இருட்டாக்கினால் போதும், தூண் ஒளிர்கிறது. அடுத்த தூணில் இதையே தலைகீழாகச் செய்யலாம். சான்ரெடாமின் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக இப்படி வெளுத்தும் மங்கியும் நிற்பதில்தான் அவருடைய மண்டபங்களின் ஆழம் இருக்கிறது. மறைபுள்ளிக் கோடுகளை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த ஆழம் குறையாது என்று நான் நினைக்கிறேன்.

எண்ணெய் வண்ணம் இதற்கு ஏன் பொருந்துகிறது? ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகுகின்றன. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர நாட்கள் ஆகும். உள்ளுக்குள் வேதிமாற்றம் பல ஆண்டுகள் தொடரும். அந்த அவகாசத்தில் ஒரு சாயலை அடுத்த சாயலோடு தூரிகையால் இழைக்கலாம். வெள்ளைச் சுவரில் ஜன்னலிலிருந்து மூலைவரை மெல்ல மெல்ல மங்கும் ஒளியை எழுத இது வேண்டும். முட்டைக் கருவில் குழைத்த வண்ணம் நொடிகளில் காய்ந்துவிடும்; அதில் அந்த மங்கலைச் சிறு சிறு கோடுகளாக அடுக்கித்தான் காட்ட முடியும்.

வெள்ளைக்கு அன்று இருந்தது ஈய வெள்ளை. ஈயச் சுருள்களைக் காடியின் ஆவியிலும் குதிரைச் சாணத்தின் வெப்பத்திலும் வாரக்கணக்கில் அரிக்கவிட்டுச் சுரண்டி எடுத்த ஈயக் கார்பனேட். கொடிய நஞ்சு. சுவரில் இருந்த சுண்ணாம்பையே எண்ணெயில் குழைத்துச் சுவரை வரையலாமே என்று தோன்றும். முடியாது. ஒளியை வளைக்கும் அளவைக் குறிக்கும் ஒளிவிலகல் எண், துகளுக்கும் அதைச் சூழ்ந்த ஊடகத்துக்கும் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு வெண்மை. காய்ந்த சுண்ணாம்பின் எண் சுமார் 1.6. காற்றின் எண் 1. அதனால் சுவரில் பளிச்சென்று இருக்கிறது. எண்ணெயின் எண் 1.48, அதில் குழைத்ததும் சுண்ணாம்பு வெளுப்பை இழந்து மங்கிய பசைபோல் ஒளிகசியும். ஈய வெள்ளையின் எண் சுமார் 2. எண்ணெயிலும் அது வெள்ளையாகவே நிற்கும். மேலும் ஈயம் எண்ணெய் காய்வதை விரைவுபடுத்துகிறது. ஆக, சுண்ணாம்புச் சுவரை எண்ணெய் வண்ணத்தில் எழுத ஈயம் தேவைப்பட்டது. இன்று அந்த இடத்தில் டைட்டேனியம் டைஆக்சைடு இருக்கிறது. ஒளிவிலகல் எண் அதிலும் கூடுதல், நஞ்சும் இல்லை. வீட்டில் வரைபவர்கள் அதையே பயன்படுத்துங்கள்.

நிழலுக்கும் ஒரு நுட்பம் உண்டு. இருண்ட அடிப்பூச்சின்மேல் வெள்ளையை மிக மெல்லியதாகத் தேய்த்தால், அந்தப் படலம் நீலச் சாயல் கொண்டதாகத் தெரியும். நீலமே கலக்கவில்லை. நுண்துகள்கள் குறைந்த அலைநீள ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் வரும் நீலம் அது. புகை நீலமாகத் தெரிவதும் இதனால்தான். நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவரின் குளிர்ச்சியை இப்படிக் கொண்டுவரலாம். வெயில் படும் இடத்தில் வெள்ளையைத் தடித்துப் பூச வேண்டும். நிழலை மெல்லியதாக விட வேண்டும். தலைகீழாகச் செய்தால் நிழல் சேறாகிவிடும்.

முந்நூறு, நானூறு ஆண்டுகளில் வண்ணமும் மாறுகிறது. எண்ணெய் முதுமையடையும்போது அதன் ஒளிவிலகல் எண் உயர்கிறது. ஈயம் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகிறது. இரண்டும் சேர்ந்து வெள்ளையை மெல்ல ஒளிபுகவிடுகின்றன. அதனால் மெல்லியதாகப் பூசிய பழைய ஓவியங்களில், அன்று மறைந்திருந்த அடிக்கோடுகள் இன்று வெறும் கண்ணுக்கே தட்டுப்படத் தொடங்கியிருக்கின்றன. அகச்சிவப்புக் கேமராவில் இன்னும் தெளிவு. அந்தக் கதிர்கள் மேற்பூச்சை ஊடுருவிப்போய், கரிக்கோட்டில் மட்டும் உறிஞ்சப்படுகின்றன. ஓவியத்துக்கு அடியில் இருக்கும் வடிவகணிதம் அப்படியே திரையில் வருகிறது.

இந்தக் கணக்கெல்லாம் இன்னொரு பயனும் தந்தது. உட்ரெக்ட் நகரின் மரியா தேவாலயத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். ஆசென்டெல்ஃப்டின் பழைய தேவாலயமும் இன்று இல்லை. அவற்றின் உட்புறம் எப்படி இருந்தது என்று கட்டடக்கலை வரலாற்றாளர்கள் இன்று தேடிப்போவது சான்ரெடாமின் தாள்களையும் பலகைகளையும்தான்.

இத்தகைய ஓவியம் ஒன்றை அருங்காட்சியகத்திலோ நல்ல அச்சிலோ பார்க்க நேர்ந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். தரைக்கற்களின் கோடுகளை மனத்தால் நீட்டி, அவை கூடும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். உங்கள் கண்ணை அந்தப் புள்ளிக்கு நேரே, அதே உயரத்தில் வையுங்கள். பெரும்பாலும் குனிய வேண்டியிருக்கும், நினைத்ததைவிட நெருங்கியும் போக வேண்டியிருக்கும். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரு கண்களும் சேர்ந்துதான் பலகை தட்டையானது என்று மூளைக்குச் சொல்கின்றன. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, ஓரத்துத் தூண்கள் ஒல்லியாவதையும் சுவர்கள் பின்னே நகர்வதையும் பாருங்கள்.